ஈரச் சடை

கத்திரிக்கோல் எங்கே என்று கிளாட்வின் மறுபடியும் கேட்டபோது தபீதாள் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தாள்.

பிளாஸ்டிக் நாற்காலி. புடவைக்கு அடியில் கத்திரிக்கோலின் மூக்கு தொடையில் குத்திக்கொண்டிருந்தது. குத்தினால் குத்தட்டும் என்று அசையாமல் இருந்தாள். எதிரே பெஞ்சில் அவள் புருஷன் கிருபானந்தம் கழுத்துவரை வெள்ளைத்துணி போர்த்திக் கிடந்தார். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தவர், ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார். திருப்பதியில் லேப் டெக்னீஷியனாக இருக்கும் மகள் பிளெஸ்ஸி கிடைத்த பஸ்ஸைப் பிடித்து வந்து, அழுது, முகம் கழுவிக்கொண்டு, இப்போது அம்மாவின் பின்னால் நின்றாள். பெஞ்சின் தலைமாட்டிலிருந்து கிருபானந்தத்தின் சடை, விரல் பருமனில் திரிதிரியாக, பாதி நரைத்துப் போய், தரையைத் தொடத் தொங்கியது. மாலை போட வந்தவர்கள் முகத்தைப் பார்த்த கையோடு அதைத்தான் பார்த்தார்கள்.

"அக்கா, சாய்ங்காலம் நாலுக்கு ஆராதனை. அதுக்குள்ள முடி வேலைய முடிச்சுட்டா, மணி அடிக்கச் சொல்லிடுவேன்," என்றான் கிளாட்வின். அவன் சபையின் செயலாளர். சாவு வீட்டுக்கும் சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு வருகிறவன்.

"முடியில இன்னா வேலை?"

கிளாட்வின் பாஸ்டரைப் பார்த்தான். பாஸ்டர் தடா ஊர்க்காரர், இளவயசு, நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷர்களிடம் இருக்கிற தொல்லை, அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் தீர்மானம் வேண்டும்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றார் பாஸ்டர். "கமிட்டி தீர்மானம் இருக்குது. முடிய எடுத்துட்டா கோயில்ல வெச்சு, மணி அடிச்சு, எல்லா மரியாதையும் பண்ணலாம். இல்லன்னா வீட்ல இருந்து நேரா கல்லறைத் தோட்டம். அங்க நான் வந்து ஜெபம் பண்றேன்."

"நாங்க புதுசா ஒண்ணும் சொல்லலக்கா," என்றான் கிளாட்வின், குரலைத் தாழ்த்தி. "நீங்களே சொன்னதுதான். படத்துல உங்க வாயால சொல்லிக்கிறீங்க. உலகமே பாத்துச்சு."

அதுதான் தபீதாளுக்குச் சுருக்கென்றது. உலகம் பார்த்தது உண்மை.

அந்தப் படத்தை எடுத்தவன் கோபிகிருஷ்ணன் என்கிற சென்னைக்காரன். தமிழையும் தெலுங்கையும் கலந்து ஜமைக்கா நாட்டு ரெகே பாட்டுப் பாடுகிற ஒரு கிழவர் சித்தூரில் இருக்கிறார் என்று யாரோ சொல்லக் கேட்டு, கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவர் கதையில் அவனுக்கு வேண்டியது எல்லாம் இருந்தது. இளவயசில் மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து கப்பலில் பேண்டு வாசிக்கப் போனவர். அங்கே சமையலறையில் ஜமைக்காக்காரர் ஒருவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே பாடிய பாட்டில் விழுந்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. ஒரு பேஸ் கிதாரும் தலையில் சடையுமாக ஊருக்கு வந்து இறங்கினார். அந்தச் சடையோடுதான் தபீதாளுக்கு இதே கோயிலில் தாலி கட்டினார். அப்போதிருந்த பாஸ்டர், பெண்ணுக்கே ஆட்சேபம் இல்லாதபோது எனக்கென்ன என்று சொல்லிவிட்டார்.

மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் காய் நறுக்கும் பெண்களைப் பற்றிப் பாடினார். ஊர் காதில் அது ஏறவில்லை. தாளம் விழவேண்டிய இடத்தில் விழாமல் கொஞ்சம் தள்ளிப்போய் விழுகிற பாட்டு. கல்யாண வீடுகளில் கைதட்ட ஆரம்பித்தவர்கள் எங்கே தட்டுவது என்று தெரியாமல் கையைக் கீழே போட்டார்கள். சோற்றுக்குத் தபீதாளின் நர்ஸ் சம்பளம் இருந்தது, பாட்டுக்கு அவர் இருந்தார். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் ஒரு கூட்டம் சாமியார் என்று காலில் விழும், இன்னொரு கூட்டம் மொட்டை போடலாம் வா என்று கையைப் பிடித்து இழுக்கும். இரண்டு கூட்டத்துக்கும், "நேனு கிறிஸ்டியன் பாபு" என்று சொல்லிச் சிரித்துவிட்டு நடப்பார்.

இவ்வளவும் படத்தில் வந்தது. தபீதாளும் வந்தாள். சமையலறை வாசலில் நின்றபடி, "அந்த முடிய வெட்டினாத்தான் எனக்கு நிம்மதி" என்று ஒரே ஒரு வரி. அதற்கு அடியில் ஒரு புல்லாங்குழல் வேறு அழுதது.

படத்தை யூடியூபில் போட்ட வாரமே பார்த்தவர்கள் அபிப்பிராயம் எழுதத் தொடங்கினார்கள். இலவசமாகக் கிடைப்பதில் அதுதான் குறைவில்லாமல் கிடைக்கும். ஜமைக்காவிலிருந்து ஒருத்தர், "இவர் எங்கள் ஊர்க்காரர், தவறிப்போய் உங்கள் ஊரில் பிறந்துவிட்டார்" என்று எழுதினார். வடமாலபேட்டை சுனில் என்பவன், "என் கல்யாணத்துல இவர்தான் வாசிச்சார். ஒருத்தரும் ஆடல. இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு" என்று எழுதினான். சாமியார் வேஷம் என்று திட்டினவர்கள் இருந்தார்கள். இந்த வயசுக்கு இது தேவையா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் போகப்போக எல்லாரும் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பாவம் மனுஷன், வீட்டுக்குள்ளயே ரசிகர் இல்ல."

"கலைஞனைக் கொல்ல இப்படி ஒரு பொண்டாட்டி போதும்."

"மாமியார் வேஷத்துக்கு ஆள் தேடறவங்க சித்தூர் பக்கம் வாங்க."

"அந்தம்மா பக்கமும் யோசிங்கப்பா, எத்தனை வருஷம் சோறு போட்டிருப்பாங்க."

கிருபானந்தம் ராத்திரிச் சாப்பாட்டின்போது இதையெல்லாம் சத்தமாகப் படித்துக் காட்டுவார். "பாத்தியா தபீ, என்னைவிட நீ பேமஸ் ஆயிட்ட" என்பார். அவருக்குச் சிரிப்பு, அவளுக்கு எரிச்சல். முன்பின் தெரியாதவன் தட்டில் கை வைப்பதைப் போல இருக்கும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று அவள் அம்மா சொல்வாள். ஊர் மட்டுமா, இப்போது கடல் தாண்டியும் வாய் இருக்கிறது.

அப்புறம்தான் கிளாட்வின் அந்தக் காரியத்தைச் செய்தான். கொரோனா காலத்திலிருந்து ஞாயிறு ஆராதனையை அவனுடைய போனில்தான் நேரலையாக ஒளிபரப்புவார்கள். அந்தப் போனில் இருந்தது சபையின் கணக்கு. அது நினைவில்லாமல், டீக்கடையில் உட்கார்ந்து படத்தைப் பார்த்துவிட்டு, தன் சொந்த அபிப்பிராயத்தை எழுதினான். "சகோதரி தபீதாள் சொல்வதே சரி. கர்த்தருடைய வீட்டுக்கு வருமுன் அவர் முடியை வெட்டிக்கொள்ளட்டும்." கோபுரப் படத்தோடு, சபையின் பெயரில், அது உலகத்துக்கு முன்னால் போய் நின்றது. சித்தூரில் முடியைப் பார்த்துத்தான் கோயிலுக்குள் விடுவார்களா என்று ஜமைக்காக்காரர்கள் கேட்க, ஆமாம் என்று இங்கிருந்து சிலர் எகிற, பெரிய ரகளை. அழித்துவிடலாம் என்று கிளாட்வின் கமிட்டியில் கெஞ்சினான். சபை பேரில் சொன்னதை அழித்தால் சபை தோற்ற மாதிரி என்றார்கள் பெரியவர்கள். சொன்ன வாயைக் காப்பாற்ற அதையே தீர்மானமாகப் போட்டார்கள். ஒருத்தன் விரல் தவறியது சட்டமாகிவிட்டது.

அன்றிலிருந்து கிருபானந்தம் ஞாயிற்றுக்கிழமைகளில் தபீதாளை மொபெட்டில் கொண்டுவந்து கோயில் வாசலில் இறக்கிவிட்டு, எதிர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். ஆராதனை முடிந்ததும் ஏற்றிக்கொண்டு போவார். உள்ளே பெண்கள் பக்கம் முதல் வரிசையில், மாதர் சங்கத் தலைவியாக, தபீதாள் கீர்த்தனை பாடினாள். வாரா வாரம் பாடினாள். இன்று காலையிலிருந்து அவளை அறுத்துக்கொண்டிருந்தது சாவு மட்டும் இல்லை.

"படத்துல சொன்னேன்," என்றாள் இப்போது. "சொல்லலன்னு சொல்லல. நான் அவருகிட்ட சொன்னேன். அவரு எனக்குப் பதில் சொல்வாரு, நான் ஒண்ணு சொல்வேன், அவரு ஒண்ணு சொல்வாரு. அது எங்க சண்ட. நடுவுல உங்கள யாரு கூப்பிட்டா?"

"அக்கா, அப்படி இல்ல..."

"இப்ப அவரால வாய தொறக்க முடியாது. வாய தொறக்க முடியாதவரு தலையில கத்திரிக்கோல் வைக்கச் சொல்றியா? முப்பது வருஷம் ஆஸ்பத்திரில எத்தினி பொணத்த குளிப்பாட்டிக்கிறேன் தெரியுமா? வீட்டாளுங்கள கேக்காம ஒருத்தர் நகத்தக்கூட வெட்டினது இல்ல."

பாஸ்டர் ஏதோ சொல்ல வந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஐயா, எனக்கு அந்தக் கோயில் வேணும். எங்க அம்மாவ, நைனாவ எல்லாம் அங்க வெச்சுத்தான் எடுத்தாங்க. எனக்கு மணி வேணும், பாட்டு வேணும், பீடத்துக்கு முன்னாடி அவர வெக்கணும். ஆசை இல்லன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா முடிய குடுத்து அத வாங்கமாட்டேன். நேரா தோட்டத்துக்கே போறோம். நீங்க வர்றதுன்னா வாங்க."

பிளெஸ்ஸி அம்மாவின் தோளில் கை வைத்தாள். தபீதாள் எழுந்தாள். நாற்காலியில் கத்திரிக்கோல் கிடந்தது. கிளாட்வின் அதைப் பார்த்தான், எடுக்கவில்லை.

"பிளெஸ்ஸி, அடுப்புல பெரிய குண்டான்ல தண்ணி வையி. பூந்திக்கொட்டை டப்பா மேல் அலமாரில இருக்குது, உடைச்சு ஊறப்போடு."

"இன்னிக்கு வியாழக்கெழமைம்மா."

"சனிக்கெழம வரைக்கும் யாரு வெச்சிக்கினு இருக்கப்போறாங்க?"

பின்பக்கம் குழாயடியில் புடவை கட்டி மறைத்தார்கள். பெஞ்சோடு அவரைத் தூக்கிவர ஆள் வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கோபிகிருஷ்ணன் வந்து சேர்ந்தான். சென்னையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பான் போல, சட்டையெல்லாம் வியர்வை. கேமரா கொண்டுவரவில்லை. தபீதாளைப் பார்த்ததும் கும்பிட்டான், அழுதுவிடுவான் போலிருந்தது.

"அழுவுறத அப்பால வெச்சுக்கோ. அந்தப் பக்கம் பிடி," என்றாள்.

பிடித்தான். குழாயடியில் வைத்ததும் நழுவப் பார்த்தவன் கையில் சொம்பைக் கொடுத்தாள்.

"நீ ஊத்து. சூடு பாத்து ஊத்து."

உடம்பைக் குளிப்பாட்டுவது அவளுக்குத் தொழில், சீக்கிரம் முடிந்தது. சடைக்குத்தான் நேரம் ஆயிற்று. ஒவ்வொரு திரியாகக் கையில் எடுத்து, பூந்திக்கொட்டை நுரையை அதற்குள் பிசைந்து ஏற்றி, வேரிலிருந்து நுனிவரை பிழிந்து இறக்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே அழுக்கு நிற்கும், நாற்றம் எடுக்கும். கல்யாணமான வருஷத்திலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே குழாயடியில் செய்தது. அவர் முக்காலியில் குனிந்து உட்கார்ந்துகொள்வார், கண்ணில் நுரை போகிறது என்று சத்தம் போடுவார், அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டுவாள். இன்று சத்தம் போட ஆளில்லை. கண்ணில் நுரை போகாமல் தானே கையால் மறைத்துக்கொண்டாள்.

கோபிகிருஷ்ணன் ஊற்றிக்கொண்டே பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முகம் மாறியது.

"நீங்களாம்மா அலசுவீங்க, எப்பவும்?"

"உன் கேமராகிட்ட சொன்னேனே. எங்க வெச்ச மிச்சத்த?"

அவன் மறுபடி தண்ணீர் மொண்டான். சொம்பு குண்டானில் பட்டுக் கணகணத்தது.

"முடிய வெட்டினாத்தான் எனக்கு நிம்மதி. சனிக்கெழம ஆனா அலசி அலசி முதுகு போவுது. ஆனா வெட்டிட்டா சனிக்கெழமைல நான் இன்னா பண்றது. இதான நான் சொன்னது. பிளெஸ்ஸிகூட பக்கத்துல இருந்தா. அவரு அந்தாண்ட இருந்து சிரிச்சாரு."

"படம் நீளமாயிடும்னு..." என்றான் கோபிகிருஷ்ணன். "இல்லம்மா. நீளம் இல்ல. அப்படி வெட்டினா கதைக்கு நல்லா இருந்துச்சு."

உண்மையைச் சொன்னதால் அவன்மேல் அவளுக்குக் கொஞ்சம் கோபம் குறைந்தது. கொஞ்சம்தான்.

"முடிய வெட்ட வேணாம்னு நான் ஒருத்தி நிக்கிறேன். நீ என் பேச்சையே வெட்டிட்டுப் போயிட்ட."

"எங்கிட்ட அப்படியே இருக்குதும்மா. சார் சிரிக்கிறதும் இருக்குது. இப்பவே போட்டுடறேன், ரெண்டு நிமிஷ வேலை. உங்கள திட்டினவங்க எல்லாம் வாயை மூடிக்குவாங்க. சபைக்காரங்களும் பாக்கட்டும்."

பிளெஸ்ஸி வேகமாக நிமிர்ந்தாள். "ஆமாம்மா. போடட்டும். எவ்ளோ பேச்சு பேசினாங்க."

தபீதாள் கையிலிருந்த திரியைப் பிழிந்து முடித்தாள். அவளுக்கும் ஆசை இருந்தது. கலைஞனைக் கொன்றவள் என்று எழுதினவன் முகத்தில் அதைத் தூக்கி எறிந்தால் நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் அவன் வேறு ஒன்று எழுதுவான். பாசக்கார அம்மா என்பான், கண்ணீர் வந்துவிட்டது என்பான், கீழே பூப்படம் போடுவான். அவர்கள் திட்டும்போது வராத அருவருப்பு இதை நினைத்தபோது வந்தது.

"வாணாம்," என்றாள்.

"ஏம்மா?"

"திட்டினவங்களே திட்டிக்கினு இருக்கட்டும். எங்க சனிக்கெழம அவங்களுக்கு எதுக்கு?" அடுத்த திரியை எடுத்தாள். "பிளெஸ்ஸி போனுக்கு மட்டும் அனுப்பு. அந்தச் சிரிப்பு எனக்கு வேணும். இப்ப தண்ணி ஊத்து, நுரை காயுது."

சபை வண்டி வராது என்பது தெரிந்ததுதான். கிருபானந்தத்தின் ஸ்பீக்கர் பெட்டிகளை வழக்கமாக ஏற்றிப்போகிற ரமணா தன் குட்டியானை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். மாங்காய் சீசன். ஃபேக்டரிக்கு லோடு இறக்கிவிட்டு அப்படியே வந்திருந்தான். தண்ணீர் அடித்துக் கழுவியிருந்தும் வண்டி முழுக்க மாங்காய்ப்பால் வாசனை. சவப்பெட்டியை ஏற்றினார்கள். தபீதாள் தலைமாட்டில் ஏறி உட்கார்ந்தாள், பக்கத்தில் பிளெஸ்ஸி, காலடியில் கோபிகிருஷ்ணன். மாதர் சங்கத்துப் பெண்கள் சிலர் வெள்ளைப் புடவையில் பின்னால் ஆட்டோக்களில் ஏறினார்கள். கமிட்டிக்காரர்களின் மனைவிகள் இரண்டு பேரும் அதில் இருந்தார்கள். யாரையும் அவள் கூப்பிடவில்லை. பாஸ்டர் அங்கியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, தன் பைக்கில் முன்னாலேயே தோட்டத்துக்குப் போய்விட்டார்.

ரமணா மூடியைத் தூக்கினான். "மூடிடலாமா அம்மா? எண்ட எக்குவகா உந்தி."

"உண்டனி ரமணா. வெயிலு இருக்கட்டும். தோட்டம் வர்ற வரைக்கும் மூடாத, காயணும்."

"ஈரம் அவ்ளோ சீக்கிரம் போவாதும்மா," என்றாள் பிளெஸ்ஸி மெதுவாக.

"எனக்குத் தெரியும். போற வரைக்கும் போவட்டும்."

ஈரச் சடை முழுவதையும் அள்ளிப் பெட்டியின் விளிம்புக்கு வெளியே எடுத்துப்போட்டாள். வண்டி கிளம்பியது. காற்று அனலாக அடித்தது. ரோட்டோரம் நின்றவர்கள், சாவு வண்டி என்று செருப்பைக் கழற்றியவர்கள், பெட்டியிலிருந்து தொங்கும் சடையைப் பார்த்து வாயில் கை வைத்தார்கள். நன்றாகப் பாருங்கள் என்று அவள் முக்காட்டைக்கூட இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. புடவையின் முன்பக்கம் முழுவதும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

கல்லறைத் தோட்டத்துக்குக் கோயிலைத் தாண்டித்தான் போக வேண்டும். காம்பவுண்டு கேட்டில் கமிட்டிக்காரர்கள் நின்றிருந்தார்கள். கேட் திறந்திருந்தது, கோயில் கதவு சாத்தியிருந்தது. மணி அடிக்கவில்லை. தன் அப்பாவை எடுத்த அன்று அது அடித்த அடி இன்னும் அவள் காதில் இருக்கிறது. மாதர் சங்கத்துக்குச் சொல்லிக்கொடுத்த கீர்த்தனை ஒன்றை உரக்க எடுத்தாள். குரல் உடைந்தும் நிறுத்தவில்லை. பின்னால் ஆட்டோக்களிலிருந்து பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். கேட்டில் நின்றவர்கள் ரோட்டைப் பார்ப்பதா தரையைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றார்கள்.

கேட்டுக்கு எதிரே வேகத்தடை. ரமணா வண்டியின் வேகத்தைக் குறைத்தான். கும்பலிலிருந்து கிளாட்வின் பிரிந்து ஓடிவந்தான். யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவன் திரும்பவில்லை. வண்டியின் பின்பலகையைப் பிடித்து, கால் வழுக்கி, கோபிகிருஷ்ணன் கைகொடுக்க ஏறினான். உட்கார வேறு இடம் இல்லை. தபீதாளுக்கு எதிரே, பெட்டி விளிம்பை ஒட்டிக் குந்தினான். மூச்சு வாங்கியது. சட்டைப் பையில் பேனாக்கள் இல்லை, ஓடியபோது விழுந்திருக்கும்.

தபீதாள் பாட்டை நிறுத்தி அவனைப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி ஒக்காரு கிளாட்வின்," என்றாள். "வெயில மறைக்கிற."

அவன் தள்ளி உட்கார்ந்தான். அவள் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு திரிகளைப் பிரித்து, வெயில் படுகிற பக்கமாகப் போட்டாள்.